படுத்தபடி ஒரு பெரட்டு

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருடம் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி எடுக்கும் கணக்கில், பேர் கூப்பிட்டவர் பத்மநாதன் கங்காணி. வரிசையில் நிற்காமல் உட்கார்ந்தபடி பதில் சொன்னவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். மனைவி சரோஜாதேவிக்கே இரண்டு முறை அரைப்பேர் போட்டிருக்கிறார். அதை நீதி என்று அவர் நம்பினார். அவள் மறக்கவில்லை.

ஓய்வுபெற்றதும் இடுப்பு பிடித்து இடது கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துத்தான் ஆபரேஷனா இல்லையா என்று டாக்டர் சொல்வார். இன்று படம் சரியாக விழாவிட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. அதுவரை கால் தாங்குமா என்ற பயத்தைக் கங்காணி வெளியே காட்டவில்லை.

பதுளையில் ஸ்கேன் எடுக்கும் ஜஸீல் அவரை மேசையில் படுக்கவைத்தார்.

"அசையவே கூடாதுங்க ஐயா."

"இது என்னதான் செய்யும்?"

"ஒங்க உடம்புத் தண்ணியில சின்னச் சின்ன காந்தம் கணக்கில்லாம இருக்கு. இந்தப் பெரிய காந்தம் அதுகள வரிசையில நிறுத்தும். ரேடியோ அலை தட்டிச் சாய்க்கும். திரும்ப வரிசைக்கு வரயில மெல்லமா ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் படம்."

"நம்ம பெரட்டுதான். எல்லாம் ஒழுங்கா நிக்குமா?"

"பாதி இப்படி, பாதி அப்படி நிக்கும். பத்து லட்சத்துல அஞ்சாறுதான் நம்ம பக்கம் கூடுதல்."

"அஞ்சாறு பேர வச்சு எந்த மலையில கொழுந்து எடுக்கிறது?"

மேசை உள்ளே போனது. தகரத்தில் அடிப்பதுபோல் சத்தம். நடுவே காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஜஸீல் கேட்டார்: "பத்மநாதன் ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"ஆமாங்க!" என்று கங்காணி பாதி எழுந்துவிட்டார். படம் கலங்கியது. இரண்டாம் தடவையும் அதே கதை.

"இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரமிருக்கு," என்றார் ஜஸீல்.

கூட வந்து ஸ்கேன் அறை வாசலில் நின்ற சரோஜாதேவி சொன்னாள்: "பேரைச் சொல்லாதீங்க தம்பி. பேரு கூப்பிட்டா படுத்துக்கிட்டு பதில் சொல்ல அவருக்குத் தெரியாது." பிறகு கணவனிடம், "எங்கள மழையில நிக்க வச்சீங்களே, இருபது நிமிஷம் படுக்க முடியலையா?"

மூன்றாம் தடவை யாரும் பேர் சொல்லவில்லை. கங்காணி அசையாமல் கிடந்தார். பேர் கூப்பிடுகிறவனுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தின் நீளம் தெரிவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதுவும் பாதிதான் உறைத்திருக்கும்.

படம் தெளிவாக விழுந்தது. முதுகெலும்புகளின் இடையே வெள்ளைத் தட்டுகள். கீழே ஒன்று மட்டும் கறுப்பு.

"தண்ணி வத்துன எடம். மத்ததை டாக்டர் சொல்லுவாரு," என்றார் ஜஸீல்.

கங்காணி உற்றுப் பார்த்தார். "அப்ப அங்க பெரட்டுக்கு ஆளே வரல."

"வந்திருக்கும்," என்றாள் சரோஜாதேவி. "உக்காந்துக்கிட்டே பதில் சொல்லியிருக்கும். அரைப்பேர் போடுங்க."