பழைய வால்வும் க்ளாம்ப் அக்காவும்

என் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று சொன்னது நாத்தனார் என்கிற மரியாதைக்காக. எங்கள் சலவை ஆலையில் எல்லா இயந்திரமும் ஓடும்போதுகூட அவள் குரல் தனியாகக் கேட்கும். நான் இஸ்திரிப் பிரிவு. என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், பாய்லர் ஓட்டுகிறவர். அவள் ஃபிட்டர். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே கேட்டுக்குள் நுழைந்தால் நிம்மதியாக இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அவளும் முதலில் என்னோடு போர்வை மடித்தவள்தான். அதில் கை ஓடவில்லை. கண் எப்போதும் பாய்லர் அறைப் பக்கமே. பழைய ஃபிட்டர் வேலையை விட்டுப் போனதும் "நான் பண்றேன்" என்று முதலாளி முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்தார். மாலை வகுப்பில் படித்துப் பாஸ் செய்துவிட்டு மறுபடி போய் நின்றாள். அப்போது சிரிக்கவில்லை.

பாய்லர் தலையில் சேஃப்டி வால்வு ஒன்று உட்கார்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் அளவை மீறினால் அது தானாகத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டும். திறக்காவிட்டால் பாய்லர் வெடிக்கும், அவ்வளவுதான். இதில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிக்கும்போது, வால்வு திறந்துவிடாமல் இரும்பு க்ளாம்ப் போட்டு இறுக்குவாள். அதைக் கழற்ற மறந்து தீயைப் பற்ற வைத்தால் கதை முடிந்தது. அதனால் சோதனை முடிந்ததும் க்ளாம்பைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். அவள் கழுத்தில் அது தொங்காமல் யாரும் பர்னரைத் தொடக் கூடாது. ஆலை முழுக்க அவளை க்ளாம்ப் அக்கா என்று கூப்பிடுவது இதனால்தான்.

இரண்டாவது, கழற்றிய பழைய வால்வு முழுசாகக் கேட்டைத் தாண்டக் கூடாது. ரம்பத்தை எடுத்து இரண்டாக அறுத்துவிடுவாள். "முழுசா போனா எவனாவது பெயிண்ட் அடிச்சு வேற பாய்லர்ல மாட்டிடுவான். அங்க நிக்கிறவனும் யாரோ ஒருத்திக்கு அண்ணன்தானே?" என்பாள்.

போன மழைக்காலத்தில் எங்கள் வால்வு ஒழுக ஆரம்பித்தது. புதியது வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரித் துணி மலையாகக் குவிந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள ஆவி வரலைன்னா ஆஸ்பத்திரிக்காரங்க வேற இடம் பாத்துக்குவாங்க. அப்புறம் கேட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் முதலாளி. எங்கள் வீட்டின் மூன்று சம்பளமும் அந்த ஒரு கேட்டுக்குள்தான்.

பாய்லர் முழுக்க ஆறி, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் பழைய வால்வில் கை வைத்தாள். புதியதைச் செங்குத்தாக நிறுத்தினாள். பாய்லருக்கும் அதற்கும் நடுவே எந்த அடைப்பும் இல்லை. ஆவி போகும் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய், அதன் பாரம் வால்வின்மேல் விழாதபடி சுவரில் தனியாகத் தாங்கு கொடுத்தாள். தண்ணீர்ச் சோதனையும் முடிந்தது. க்ளாம்பைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. அறுப்பதற்குப் பழையதை எடுக்கப் போனால், ஆளைக் காணோம்!

"அண்ணே, வால்வு எங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்று என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். உடனே தானாகவே உளறினார். "லேசா ஒழுகுது, அவ்வளவுதான். ஒழுகுதுன்னா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? அவசரத்துக்கு ஆகும்னு எடுத்து வெச்சிருக்கேன். உன் ரம்பத்துக்கு வேற ஏதாவது கிடைக்கும் போ."

"பழசு கைக்கு வராம க்ளாம்ப் கழலாது."

அண்ணனும் தங்கையும் ஏட்டிக்குப் போட்டியாக நின்றார்கள். முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஆவி வரலைன்னா முதல்ல வெளிய போறது நீதான்" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவள் அசையவில்லை. எனக்கோ அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என் கூடையில் ஈரத்துணிக்கு அடியில் என் வீட்டுக்காரர் எதையோ திணித்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். புருஷனாவது மண்ணாவது என்று கூடையைத் தூக்கி வந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்தேன். வால்வு தரையில் உருண்டது.

"நீயுமா?" என்றார்.

"ஆமா, நானும்தான். வீட்டுக்கு வாங்க, மிச்சத்தை அங்க பேசிக்கலாம்."

அவள் அதைப் பிடிகருவியில் இறுக்கி, முதலில் மேல்திருகைத் தளர்த்தி ஸ்பிரிங்கின் இறுக்கத்தை எடுத்தாள். இல்லாவிட்டால் துள்ளி முகத்தில் அடிக்கும். பிறகு தொப்பியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, வால்வு திறக்கும்போது மேலே எழும்ப வேண்டிய நடுத்தண்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"நீயே இழு."

அவர் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க இழுத்தார். தண்டு துளியும் நகரவில்லை. ஒரு பக்கம் அரித்து ஒழுகியிருக்கிறது. தண்டோ துருவேறி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு அழுத்தம் ஏறினாலும் அது திறந்திருக்காது.

என் வீட்டுக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். "இது கீழ உக்காந்துதானே தினம் டீ குடிச்சேன்" என்றார். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அந்த வாய்! அவர்தான் ரம்பத்தை வாங்கினார். "கொடு, நான் அறுக்கறேன்."

அறுத்து முடித்ததும் அவள் மேலேறி க்ளாம்பைக் கழற்றினாள். வழக்கம்போலத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை. இறங்கி வந்து அண்ணன் கழுத்தில் போட்டாள்.

"இன்னைக்கு நீ போட்டுக்கோ. இப்போ பத்த வை."

பர்னர் எரிந்தது. முள் ஏறியது. போர்வை மடிப்பவர்கள், லாரிக்காரர்கள், முதலாளி எல்லாரும் முற்றத்தில் தள்ளி நின்று கூரையைப் பார்த்தோம். அண்ணனும் தங்கையும் மட்டும் உள்ளே. முள் அளவைத் தொட்டதோ இல்லையோ, காது கிழிகிற சத்தத்தோடு வெள்ளை வெளேரென்று ஆவி வானத்துக்குக் கிளம்பியது! அழுத்தம் இறங்கியதும் வால்வு டப்பென்று தானே மூடிக்கொண்டது. ஆலையே விசிலடித்தது. முதலாளியும் கை தட்டினார். தட்டாமல் என்ன செய்வார்? அந்தச் சத்தத்தையும் மீறி உள்ளிருந்து என் நாத்தனார் "அண்ணி, கேட்டுச்சா?" என்று கத்தியது கேட்டது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

துணியெல்லாம் முடித்து மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் க்ளாம்பைக் கழுத்திலிருந்து கழற்றவேயில்லை.