முனுசாமியின் கன்னம்

1. ஊதாக் கோடு

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு தொழிலாளர் டிஸ்பென்சரியில் நான் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுவது என் வேலை. அறுபதுகளின் கடைசியில் ஒரு காலை, கிரைண்டிங் ஷாப் ஏழுமலை தன் மனைவி கன்னியம்மாளைக் கூட்டி வந்தார். வாய்க்குள் புற்று. கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதை ஆரம்பித்து, அந்த அம்மா பாதியில் போகாமல் நின்றுவிட்டார். கரண்ட் வைக்கிற இடம் தெரிய அங்கே கன்னத்தில் ஊதா மையால் கோடு போட்டு, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த அம்மா அதைச் சீயக்காய் போட்டுத் தேய்த்திருந்தார். தோல் உரிந்திருந்தது.

"தெருவே என் மூஞ்சியத்தான் பாக்குது சார். அங்க போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? சாவறதுன்னா ஊட்லயே சாவறேன்" என்றார். ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அதட்டிப் பார்த்தார். அதட்டினால் புற்று பயப்படுமா? அந்த அம்மாதான் பயந்தார். எனக்கு முனுசாமி ஞாபகம் வந்தது.

2. கூட வருகிறவர்

முனுசாமி பிரஸ் ஷாப் ஆபரேட்டர். பட்டாபிராமில் தனிக்கட்டை. அவரும் இதே நோய் வந்து, அதே ஆஸ்பத்திரியில் பிழைத்தவர். ஒரு பக்கக் கன்னம் உள்ளே போயிருக்கும். அதை மூடி மறைக்கவே மாட்டார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் வந்து கன்னியம்மாள் எதிரே உட்கார்ந்தார்.

"திரும்பி வந்தவன் யாருன்னு கேட்டியாமே. நான் கீறேன் பாரு. நல்லா பாத்துக்க, காசு கேக்க மாட்டேன்" என்றார். அந்த வலியிலும் கன்னியம்மாள் சிரித்துவிட்டார்.

நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் அவர்களோடு லோக்கல் ரயில் ஏறினார். அந்த அம்மாவுக்கு வாயிலிருந்து எச்சில் ஒழுகும். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். முனுசாமி தன் துண்டால் துடைத்துவிடுவார். ஏழுமலைக்கும் பாடம் நடக்கும்.

"கஞ்சிய வடிகட்டி, ஆற வெச்சுக் குடு நைனா. துப்பிட்டா கோச்சிக்காத. அழணும்னா என்னாண்ட வந்து அழு."

ஸ்டேஷன் டீக்கடையில் ஏழுமலை அழுததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

3. துண்டு

ஒரு நாள் முனுசாமி கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு என் ரூமுக்கு வந்தார். எடுத்துக் காட்டினார். பழைய தழும்புக்குக் கீழே புதுக் கட்டி, உடைந்திருந்தது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"கன்னியம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கரண்டு பாக்கி கீது. என் மூஞ்சியப் பாத்துத்தான் அது வண்டி ஏறுது. இதப் பாத்தா எறங்கிடும். ஊருக்குப் பூட்டான்னு சொல்லு டிரஸ்ஸரே."

"அவங்களுக்குத் தெரிஞ்சா ஓடி வந்து உன்னப் பாத்துப்பாங்கய்யா" என்றேன்.

"அது பொழைக்கட்டும் மொதல்ல."

நோய் அவருடையது. அவர் சம்மதிக்காமல் வெளியே சொல்வது என் வேலையில் கிடையாது. ஊருக்குப் போய்விட்டார் என்றே கன்னியம்மாளிடம் சொன்னேன். டூட்டி முடிந்து அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவேன். மற்றபடி அங்கே ஒருவரும் வரவில்லை. வாடை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவைத்தார்கள்.

கன்னியம்மாள் கரண்ட் முழுவதையும் முடித்துவிட்டு வந்தார். "ஒரு வார்த்த சொல்லாம பூட்டாரே சார் அண்ணன். நாங்க இன்னா தப்பு பண்ணோம்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அதை முனுசாமியிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "முடிச்சிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். இப்போதாவது சொல்லட்டுமா என்றேன். இந்த முகத்தைக் காட்ட மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்த வாரமே இறந்துபோனார்.

விஷயம் தெரிந்து கன்னியம்மாள் டிஸ்பென்சரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அவரு பொழச்சவருன்றதுக்காகவா சார் நான் கூடப் போனேன்? எல்லாம் எழுந்து போனப்ப எச்சியத் தொடச்சாரே, அதுக்குத்தான் போனேன். அவருக்குத் தொடைக்க எனக்குக் கையில்லையா?"

பிழைத்தவரைக் காட்டினால்தான் தைரியம் வரும் என்று நானும்தான் நம்பியிருந்தேன். அது தப்புக் கணக்கு என்று முனுசாமி இருக்கும்போதே புரிந்திருந்தால், கடைசி நாட்களில் அந்த வீட்டில் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதன் பிறகு இந்த நோயோடு புதிதாக யார் வந்தாலும் கன்னியம்மாளுக்குச் சொல்லி அனுப்புவேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருடைய முதல் பேச்சே இதுதான்:

"நான் கூட வரேன். ஆனா எனக்கு இந்த நோவு திரும்பி வந்துச்சின்னா ஒளிக்க மாட்டேன். அப்ப நீ வந்து ஒக்காரணும். சரின்னா சொல்லு, வண்டி ஏறலாம்."