தட்டினா வர்ற மீன்

மீன் செத்ததுக்கு யாரு காரணம்னு கேட்டா என் மச்சினி கொக்கைச் சொல்ல மாட்டா. அணை கட்டினவனையும் சொல்ல மாட்டா. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவா. இதுக்காக அவகூட நிறைய சண்டை போட்டிருக்கேன். வாழ்க்கை பூரா மேனேஜர், முதலாளி, மந்திரின்னு மேல கை காட்டியே சங்கம் நடத்தினவன் நான். இவ தன் பக்கமே கையைத் திருப்புறா. இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு ஒரு ஸ்ட்ரைக் நடத்த முடியுமா?

வீட்ல அவளுக்கு சின்னவள்னு பேரு. பெரியவ என் பொண்டாட்டி. சின்னவளுக்கு அரசாங்க மீன் ஆராய்ச்சி நிலையத்துல உத்தியோகம். சொந்தக்காரங்க கிட்ட மீன் டாக்டர்னு சொல்லிச் சமாளிப்போம். சொன்ன மறுநாளே யாராவது போன் பண்ணி, எங்க வீட்டுத் தொட்டி மீனுக்கு வால் அழுகுதும்மான்னு ஆரம்பிப்பாங்க. அவளும் பொறுமையா, கொஞ்சம் உப்பு போட்டுப் பாருங்கன்னு சொல்லுவா. நிஜத்துல அவ வேலை வேற. தண்ணி சூடானா மீன் எப்படி மூச்சு வாங்குது, பயந்தா அது ரத்தத்துல என்ன ஏறுது, எதனால முட்டை போடாம நிக்குது, இதைப் பாக்கறது. ஒரு இனம் அழியாம இருக்க என்ன செய்யலாம்னு சொல்றது.

அவ கைக்கு வந்தது ஒரு விரல் நீளக் கெண்டை. உடம்புல கறுப்பு வரி, வாலோரம் லேசா சிவப்பு. மலைக்கு மேல இருக்கற ஒரே ஒரு ஓடையில மட்டும் இருந்த மீன். மேல அணை வந்துச்சு, கீழ ஓடை காஞ்சுச்சு. கடைசி குட்டைகள்ல துடிச்சுக்கிட்டு இருந்ததை வாளியில அள்ளிட்டு வந்தவ சின்னவதான். அதுக்கப்புறம் அணையிலிருந்து கொஞ்சமாவது தண்ணி விடுங்கன்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினதும் அவதான். நான் கூடப் போய் ரெண்டு இடத்துல குரலை உசத்தினேன். கடைசியில விட்டாங்க. ஓடை திரும்ப ஓடுச்சு. மீன்தான் இல்ல.

தொட்டிக்கு வந்த கெண்டை முட்டையே போடல. யாராவது உள்ள வந்தா போதும், வெறி பிடிச்ச மாதிரி ஓடிச் சுவத்துல மூக்கை இடிச்சுக்கும். இடிச்ச இடத்துல பூஞ்சை பிடிக்கும். செத்துப் போகும். சின்னவ ரத்தம் எடுத்துப் பாத்தா. பயத்துல சுரக்கற ஹார்மோன் எப்பவும் எகிறியே இருக்கு. பயந்துக்கிட்டே இருக்கற உடம்பு எங்கேயிருந்து முட்டை போடும்?

அதுக்கு அவ ஒரு வழி கண்டுபிடிச்சா. தொட்டிக்கு மேல இரும்புத் தகடு போட்ட நடைபாதை இருந்துச்சு. அதுல நின்னு காலால ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தட்டு. உடனே கையால புழு போடுவா. தினமும் அதே தட்டு, அதே கை. கொஞ்ச நாள்ல மீனுங்க ஓடறதை நிறுத்துச்சு. அப்புறம் தட்டினா மேல வந்துச்சு. அப்புறம் நிழல் விழுந்தாலே வந்துச்சு. ரத்தம் சரியாச்சு, முட்டை போட்டுச்சு, குஞ்சு பொரிச்சுது. தொட்டியைப் பாத்துக்கற ஊழியர் ஒருத்தர் உண்டு, மோட்டாரோடயே கிடக்கறதால எல்லாரும் பம்புன்னு கூப்பிடுவாங்க. அவரு சொல்லுவாரு, "நான் தட்டினா என் பொண்டாட்டிகூட இவ்வளவு சீக்கிரம் வர மாட்டா மேடம்."

மத்த நிலையங்கள்ல இருந்தெல்லாம் வந்து அவ முறையைக் கத்துக்கிட்டுப் போனாங்க. அந்தத் தட்டு அவ உடம்புல ஊறிப் போச்சு. எங்க வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவா. "வந்துட்டாடா மீன்காரி"ன்னு பெரியவ அடுப்படியில இருந்து எழுந்திரிப்பா.

வளந்ததுல பாதியை முதல்ல ஓடையில விட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் வால் பக்கத்துல அடையாளத்துக்கு ஊசியால மஞ்சள் புள்ளி வச்சு, மாலை மரியாதையோட விட்டாங்க. பெரிய டாக்டர், அதான் நிலையத்தோட தலைவர், பேசினாரு. பம்பு அழுதாரு. மீதிப் பாதி தொட்டியில, அடுத்த தடவைக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு, அதுங்க எப்படி இருக்குன்னு பாக்கணும்னு சின்னவ சொன்னா. எனக்கும் வேலையில்ல, கூட ஏறினேன். மேல போய்ப் பாத்தா, ஆழமில்லாத ஒரு இடத்துல கொக்கு ஒண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு. கொக்குன்னா மெதுவா காலெடுத்து வச்சு, தேடித் தேடித்தானே பிடிக்கும். இது காலையே எடுக்கல. அது நிழலுக்குக் கீழ வரிக்கெண்டைங்க கூட்டமா வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு நின்னுதுங்க. கொக்கு குனிஞ்சு ஒண்ணு எடுத்துச்சு. பக்கத்துல இருந்தது நகரல. இன்னொண்ணு எடுத்துச்சு.

சின்னவ ஓடினா. கரையில பலகை போட்ட சின்னப் பாலம் ஒண்ணு இருந்துச்சு, அதுமேல ஏறி, கொக்கை விரட்டக் காலால ஓங்கி ஓங்கி மிதிச்சா. கொக்கு பறந்து எதிர்க்கரைக்குப் போச்சு. ஆனா கல்லுக்கு அடியில ஒளிஞ்சிருந்த கொஞ்சநஞ்சமும் அந்தச் சத்தம் கேட்டு வெளிய வந்துச்சு. எல்லாம் அவ காலுக்குக் கீழ வந்து, சாப்பாடு எங்கேன்னு நிமிந்து பாத்துச்சு.

நான் விரட்டறேன்னு தண்ணியில இறங்கப் போனேன்.

"நகராதீங்க அத்தான். நடந்தா இன்னும் வரும்."

அசையாம நின்னோம். நாங்க அசையலன்னதும் கொக்கு தைரியமா திரும்பி வந்துச்சு. அசைஞ்சா மீன் வருது, அசையாட்டி கொக்கு வருது. அவ முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பு வரல.

திரும்பி வர்ற வழியில வாய் சும்மா இருக்காம சொல்லிட்டேன். "கையால ஊட்டி வளத்தா இப்படித்தான். எத்தனை கேட் மீட்டிங்ல சொல்லியிருக்கேன், முதலாளி ஊட்டினா வாங்காதீங்கடா, எதிரி யாருன்னே மறந்துடும்னு."

"அத்தான், மேடையில இருந்து இறங்குங்க. அதுங்க ஏமாறல. நான் கத்துக் கொடுத்ததை ஒழுங்கா செஞ்சுதுங்க."



மறுநாள் பெரிய டாக்டர் கிட்ட போனா. அவரு நல்ல மனுஷன்தான், மேல போற அறிக்கையில மட்டும் எப்பவும் எல்லாம் நல்லதாவே இருக்கணும் அவருக்கு. அங்க நடந்ததைச் சாயங்காலம் எங்க வீட்ல வந்து சொன்னா.

"ஓடையில தண்ணி இருக்கறப்பவே அடுத்த பாதியையும் விட்டுடலாம்ங்கறாரு. கொக்கு எல்லா இடத்துலயும்தான் இருக்கு, இயற்கைன்னு விட்டுடுங்கம்மான்னாரு."

"நீ என்ன சொன்ன?" பெரியவ கேட்டா.

"கொக்கு இயற்கைதான் சார், அதுகிட்ட போய் வரிசையில நின்னது இயற்கை இல்ல, அது நான்தான்னேன். யாரும் உங்களைக் கேக்கலையேம்மான்னாரு. அதான் சார் நானே சொல்றேன்னேன்."

"அப்புறம்?"

"தண்ணி வத்தறதுக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்க, இல்லன்னா அப்படியே விடறேன்னுட்டாரு. தொட்டியை அடுத்த மீனுக்குக் கேக்கறாங்களாம்."

பெரியவ சோத்துத் தட்டை அவ பக்கம் நகத்தினா. அவ தொடல. அவளைப் பாத்துக் கத்துக்கிட்டுப் போனவங்க ஒவ்வொருத்தருக்கும் எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்தே போன் போட்டா. "தட்டாதீங்க. கையால போடாதீங்க. நான் சொன்னது தப்பு, முழுசாப் பாக்காம சொல்லிட்டேன்." எத்தனை போன்னு நான் எண்ணல, அவ குரல் மட்டும் ஒரு தடவையும் குழையல. ஒருத்தர் என்னவோ சமாதானம் சொல்லியிருப்பாரு போல. "முட்டை போட்டுச்சு சார், உண்மைதான். எதுக்குப் போட வச்சோம்ங்கறதுதான் கேள்வி"ன்னு வச்சிட்டா.

அடுத்து அவ செஞ்சதை அவ வாயால சொல்ல மாட்டா. நான் பம்பு கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்த வகை மீனோட தோல் கிழிஞ்சா அதுல இருந்து ஒரு வாசனை தண்ணியில கலக்குமாம். அது பட்டா கூட்டத்துக்கே சேதி போயிடும், நம்மாளு ஒருத்தன் செத்தான், ஓடுன்னு. அந்த வாசனையும் கொக்கும் ஒண்ணா வந்தாத்தான் கொக்குன்னா சாவுன்னு அதுக்குப் புரியும். வாசனைக்கு எங்க போறது? வளத்ததுலதான் எடுக்கணும். சின்னவ தன் கையால சிலதை எடுத்து, அறுத்து, அரைச்சு, தண்ணியில கரைச்சா. பம்பு பிளாஸ்டிக் பைப்பை வளைச்சுத் தன் பழைய வெள்ளைச் சட்டையைப் போத்தி ஒரு கொக்கு செஞ்சு கொடுத்தாரு. கொக்கு மாதிரியே இல்ல, ரேஷன் கடை கிளார்க் மாதிரி இருந்துச்சுன்னு அவரே சொன்னாரு. ஆனா மீனுக்கு அது போதும்.

பொம்மைக் கொக்கை இறக்கும்போதே அந்தத் தண்ணியை ஊத்துவா. அது பாதி வேலைதான். மீதிப் பாதி அவளைப் பத்தினது. அவ நிழலுக்கும் அவ தட்டுக்கும் அதுங்க பயப்படணும்.

"வலையை எடுத்து நீங்க விரட்டுங்கன்னு என்கிட்ட நீட்டினாங்க சார்"னு பம்பு சொன்னாரு. "என்னால ஆகாது மேடம், வேணும்னா என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வர்றேன், அது விரட்டினா நானே ஓடுவேன்னேன். சிரிக்கல. நான்தான் கூப்பிட்டேன், நான்தான் விரட்டணும்னு வலையைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க."

இரும்புத் தகட்டுல நின்னு அதே மாதிரி காலால தட்டுவாளாம். வழக்கம்போல எல்லாம் மேல வரும். வந்ததும் வலையால தண்ணியை அடிச்சு, தொரத்தி, மூலையில நெருக்கி, அள்ளித் தூக்கித் திரும்பத் தண்ணியிலயே போடுவாளாம். சாப்பாடு வேற பக்கம், மறைப்புக்குப் பின்னால இருந்து ஒரு குழாய் வழியா யாருன்னே தெரியாம வரும். மறுபடியும் மூக்கு இடிஞ்சுது. மறுபடியும் பூஞ்சை பிடிச்சுது. பாடுபட்டு அவ இறக்கின பயத்தை அவளே ஏத்தினா. நடுவுல ரத்தம் எடுத்துப் பாத்து, ஏறியிருக்குன்னு வந்ததும் "நல்லது"ன்னு சொல்லிட்டு வெளிய போய் வாந்தி எடுத்தாளாம்.

அப்பதான் எங்க வீட்லயும் ஒண்ணு மாறுச்சு. கதவைத் தட்டறதை நிறுத்திட்டா. காலிங் பெல் அடிக்க ஆரம்பிச்சா. யாரோ வேத்தாள்னு நெனச்சுப் பெரியவ முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டுப் போய்த் திறப்பா, வாசல்ல தங்கச்சி நிப்பா.

ஒரு நாள் காலையில அவ நடைபாதையில கால் வச்சதும் தொட்டி காலியான மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணுகூடக் கண்ணுல படல. பம்பு கை தட்டினாரு. "பாத்தீங்களா, யாரும் இல்ல"ன்னு இவ சொன்னா. அது சந்தோஷமா வேதனையான்னு பம்புக்குப் பிடிபடல.

ரெண்டாவது பாதியை விட்டப்ப மாலையும் இல்ல, பேச்சும் இல்ல. இதுங்களுக்கு வச்ச புள்ளி பச்சை. பெரிய டாக்டர் வரல. தண்ணி குறைய ஆரம்பிச்சிருந்துச்சு. சின்னவ பையைத் தண்ணியில சாய்ச்சுப் பிடிச்சா. மீனுங்க வெளிய வந்த வேகத்துல கல்லுக்கு அடியில போச்சு. அந்தக் கொக்கா வேற கொக்கான்னு தெரியல, கொஞ்ச தூரத்துல ஒண்ணு இறங்குச்சு. காலெடுத்து வச்சு, நின்னு, மறுபடி நடந்து, தேடித் தேடி அலைஞ்சுது. ரொம்ப நேரம் பாத்தோம். ஒண்ணும் சிக்கல. நான் அவ தோள்ல தட்டினேன்.

பலகைப் பாலத்துல ஏறி நின்னா. ரெண்டு தட்டு. இடைவெளி. இன்னொரு தட்டு.

ஒண்ணும் வரல. நான் மூச்சு விட்டேன்.

அப்ப கீழ இருந்து ஒரே ஒரு மீன் நிதானமா மேல வந்துச்சு. நல்லா வளந்திருந்துச்சு. வால் பக்கத்துல மஞ்சள் புள்ளி. முதல் பாதியில மிச்சம். எப்படித் தப்பிச்சுதோ, அவ காலுக்கு நேரா வந்து, வாயைத் திறந்து மூடிக்கிட்டு நின்னுச்சு.

சின்னவ குனிஞ்சு ஒரு கூழாங்கல்லை எடுத்து அது பக்கத்துல வீசினா. விலகிப் போச்சு, திரும்பி வந்துச்சு. இன்னொண்ணு வீசினா. திரும்பி வந்துச்சு.

நானும் ஒரு கல்லை எடுத்தேன்.

"நீங்க வேணாம் அத்தான். அதுக்கு உங்களைத் தெரியாது."

மூணாவது கல்லு அது மேலயே பட்டுச்சு. தண்ணி கலங்குச்சு. தெளிஞ்சப்ப அது அங்க இல்ல. அவ மறுபடியும் காலால தட்டினா, கையில அடுத்த கல்லோட. காத்திருந்தா. கல்லுக்கு அடியில ஒரு மஞ்சள் புள்ளி அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. வெளிய வரல.

இன்னும் ஒரு தடவை தட்டிப் பாத்தா. வரல.

"கத்துக்கிச்சு"ன்னா. கல்லைத் தண்ணியில போடல. கையிலயே வச்சுக்கிட்டுக் கீழ இறங்கினா. பலகை அதிராம, ஒவ்வொரு காலா மெதுவா எடுத்து வச்சு நடந்தா.