வலது உதட்டோரம்

துணி அலமாரியின் இரு கதவுகளையும் விரியத் திறந்து, தொங்கும் பட்டுப்புடவைகளுக்குள் டெனர் சாக்ஸபோனின் அகன்ற முனையை நுழைத்துக்கொண்டு ஊதுகிறார் சுதா. தோ பாயோ பகுதியின் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுத் தும்மல்கூட இந்தப் பக்கம் கேட்கும். சத்தத்தைக் குடிக்கப் புடவைகளை விட்டால் வேறு கதியில்லை. ஒரே சுரம்தான். மூச்சு தீரும்வரை இழுப்பார். பிறகு அதையே மறுபடியும். "பாட்டெல்லாம் அப்புறம் லா. மொதல்ல ஒரு நோட் ஒழுங்கா வரட்டும்." கல்யாணங்களுக்கு அவர் உடுத்திப் போகும் புடவைகளில் பித்தளை வாசம் அடிப்பதாகக் கணவர் சுரேந்தர் சொல்வதுண்டு. சுதா அதை மறுத்ததில்லை.

வயது ஐம்பத்து மூன்று. பள்ளி வாத்தியக் குழுவில் புல்லாங்குழல் கேட்டுப் போனவரிடம், குழல்கள் தீர்ந்துவிட்டன என்று சாக்ஸபோனைக் கொடுத்தார்கள். "தூக்குனதும் தோளு வலிச்சுது. ஊதுனதும் அழுகையா வந்துச்சு. ஏன்னு இன்னிவரைக்கும் தெரியல." இருபது வயதில் தேக்கா வட்டாரத்துக் கல்யாண விருந்துகளில் திரைப்பாடல் குழுவோடு வாசித்தார். பிறகு ஹோட்டல் கூடங்கள். பிறகு இரண்டு ஆண்டு சொகுசுக் கப்பல். ஜாஸ் அவரைப் பிடித்துக்கொண்டது கப்பலில்தான். தாளில் இருப்பதை வாசித்து முடித்த இடத்தில் தாளில் இல்லாததை வாசிக்கச் சொல்லும் அந்த இசை முதலில் அவரைப் பயமுறுத்தியது. "நம்ம கச்சேரியில கற்பனை ஸ்வரம் பாடறாங்கல்ல, அந்த மாதிரிதான். ஆனா இங்க டிரம்ஸ்காரரும் குறுக்க குறுக்க பேசுவாரு."

கரையேறிய பின் பகலில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை; வியாழக்கிழமை மாலைகளில் தஞ்சோங் பகாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிக் கூடத்தில் ஜாஸ் வாசிப்பு. பியானோ வாசிப்பவர் ரமீஸ். பதினைந்து ஆண்டுகளாக இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். மேடையில் தலையசைப்பு, மேடைக்கு வெளியே "சாப்டீங்களாக்கா?" அதற்கு மேல் பேச்சு குறைவு. சுதா உதட்டுச் சாயம் பூசுவதில்லை, அது வாயில் கவ்வும் ரீடில், அந்த நாணல் பட்டையில், ஒட்டும். அதற்கு ஈடு செய்வதுபோல் கண்ணுக்கு மை தாராளமாகத் தீட்டுவார். மேடையில் அழகாகத் தெரியவேண்டும் என்பதில் அவருக்கு ஒளிவுமறைவு இருந்ததே இல்லை. "என்னைப் பாக்கவும்தானே வராங்க" என்பார்.

சென்ற ஆண்டு ஒரு காலை, வீட்டுக்குக் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். குடித்த கோப்பி வாயோரம் வழிந்து சட்டையை நனைத்தது. கோப்பை கீறல் விட்டிருக்கிறது என்று நினைத்து வேறு கோப்பை கேட்டு வாங்கினார். அதிலும் வழிந்தது. பஸ் ஓட்டுநர் சீருடையில் எதிரே உட்கார்ந்திருந்த சுரேந்தர்தான் நிமிர்ந்து பார்த்தார். "சுதா, எங்க, சிரி பாப்போம்" என்றார். சுதா சிரித்தார். முகத்தின் இடது பாதி மட்டுமே சிரித்தது.

பக்கவாதம் இல்லை, முகவாதம் என்றார்கள் மருத்துவமனையில். நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். வலது கண் மூட மறுத்ததால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கினார். கண் திரும்பி வந்தது. புருவம் வந்தது. வலது உதட்டோரம் மட்டும் வரவில்லை. "டாக்டர், எய்ட்டி பர்சென்ட் ஓகேன்னாரு. மிச்ச ட்வென்ட்டிலதான் நான் பொழைக்கிறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

சாக்ஸபோனுக்கு உதடு நாலாபுறமும் இறுகிப் பிடிக்கவேண்டும். ஓர் ஓரம் தளர்ந்தாலும் காற்று அந்த வழியே போய்விடும். மாதக்கணக்கில் அலமாரிப் புடவைகள் கேட்டதெல்லாம் புஸ்ஸென்ற சீறல்தான். ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சுரேந்தர் சொன்னார்: "போதும் சுதா. இவ்ளோ வருஷம் ஊதிட்ட. உடம்ப ஏன் வருத்திக்கிற?"

"பாதி ரோட்ல பஸ்ஸ நிறுத்தி, எல்லாரும் எறங்குங்கன்னு சொல்வீங்களா நீங்க?"

"டயரு போச்சுன்னா சொல்லித்தான் ஆகணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சுதா வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

ரமீஸ் வாரந்தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: "அக்கா, எப்ப வரீங்க?" யார் யாரோ சுதாவின் இடத்தில் வந்து வாசித்துப் போனார்கள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை சுதா படியேறினார். ரமீஸ் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "நீங்க பின்னால டிரம்ஸ் பக்கம் நில்லுங்கக்கா. லைட்ட டிம் பண்ணச் சொல்லியிருக்கேன். யாருக்கும் தெரியாது." அன்பினால் சொன்னதுதான். சுதா தலையாட்டினார். முகம் கோணியபோதுகூட இத்தனை வலித்ததில்லை என்று பின்னர் சொன்னார்.

முதல் பாட்டு வேகமானது. சின்னச் சின்னச் சுரங்கள், தப்பித்துக்கொண்டார். இரண்டாவது மெதுவானது. முதல் நீண்ட சுரத்திலேயே உதடு நழுவியது. ஒலிவாங்கி அந்தச் சீறலைப் பெரிதாக்கிக் கூடமெங்கும் பரப்பியது. முன்மேசைப் பெண் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ரமீஸ் பியானோவை ஓங்கி வாசித்து அந்தச் சத்தத்தின்மேல் போர்த்தினார். தன்னை மூடத்தான் அவர் அப்படி வாசிக்கிறார் என்பது சுதாவுக்குப் புரிந்தது. வாசிப்பதை நிறுத்தினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

சுதா டிரம்ஸைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, விளக்கு விழும் இடத்தில் நின்று, அதே பாட்டை மறுபடி தொடங்கினார். நீண்ட சுரம் வந்தது. உதடு நழுவியது. ரமீஸின் கைகள் மறுபடி ஓங்கின. சுதா அவர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். சாக்ஸபோனில் சில சுரங்களுக்கு இடக்கை விரல்களே போதும், வலக்கைக்கு வேலையில்லை. அது அப்படிப்பட்ட சுரம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சுதா வலக்கையை வாத்தியத்திலிருந்து எடுத்து, இரண்டு விரல்களால் தன் வலது உதட்டோரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினார்.