மூன்று சீட்டிலும் ஒரே பெயர்

“...இன்னாம்மா, நான் அடி வாங்குவேன்னு பயப்படுறியா, இல்ல நம்ம அப்பா மாதிரி குடிக்கிற முப்பது பேரு நடுவுல போய் உக்காருவேன்னு பயப்படுறியா?” என்று கேட்டாள் என் மகள் பிரிசில்லா.

இரண்டுக்கும்தான் பயம். அவள் கிளினிக்கல் சைக்காலஜி படிக்கிறாள். ஆறு மாதம் பயிற்சிக்குப் போக மூன்று இடம் கிடைத்திருந்தது: திருநின்றவூரில் குழந்தைகள் கிளினிக், பெரிய ஆஸ்பத்திரியில் மனநல வார்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு குடி மறுவாழ்வு இல்லம். திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் மனசெல்லாம் மறுவாழ்வு இல்லத்தில்.

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. இரும்பு மில் வேலை முடிந்து குடித்துவிட்டு வந்து அவள் அப்பா அறைந்தது. அப்படிப்பட்டவர்களிடம் பிள்ளையை அனுப்புவேனா?

எங்கள் சபை வழக்கப்படி சீட்டு எழுதிப் பைபிளில் வைத்து, ஜெபித்து எடுக்கலாம் என்றேன். எழுதியவள் நான். மூன்றிலும் ‘திருநின்றவூர்’ என்றே எழுதினேன். கண்ணை மூடி எடுத்தாள். “சரி, ஆண்டவர் சொல்லிட்டாரு” என்றாள். முகம் மட்டும் விழுந்துபோனது.

நான் வேலை செய்யும் கேன்டீனில் ஒரு அக்கா சொல்வார்: “கேள்வியும் நீயே கேட்டு பதிலும் நீயே சொல்லிக்கினா, சாமி எதுக்குடி?” அவர் சிரிப்புக்குச் சொன்னது. எனக்குச் சுருக்கென்றது.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் வீட்டுக்காரர் அழுதார். இனி தொடமாட்டேன் என்றார். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தோம். விடுதலை என்று கைதட்டினோம்.

ஞாயிறு மதியம் அவர் கை வெடவெடவென்று ஆடியது. “செவுத்துல பாம்பு ஊருதுடி” என்றார். கதவோரம் இருந்த இரும்புக் கம்பியை எடுத்தார். முதல் அடி டிவியில். அடுத்தது என் தோளில். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பிசாசு என்று நினைத்துவிட்டேன். “இயேசுவின் நாமத்துல வெளிய போ!” என்று கத்திக்கொண்டே அவரைக் கட்டக் கயிறு தேடினேன். கத்தக் கத்த வெறி ஏறியது. பிரிசில்லாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்தது.

திமிறிக்கொண்டு வந்தவள் அலறினாள்: “அம்மா, கத்தாத! இது பேய் இல்ல. குடிய திடீர்னு நிறுத்துனதால வர்றது. புக்குல படிச்சிக்கீறேன், கண்ணால பாத்ததில்ல!”

பார்க்க விடாதது யார்? நான். வாயை மூடினேன். மனசுக்குள் மட்டும் அழுதேன்: “ஆண்டவரே, பொய்ச் சீட்டு எழுதினது நான். அவளை விட்டுடுங்க. யாரையாவது அனுப்புங்க.”

ரத்தம் வழிய அவள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அந்த மறுவாழ்வு இல்லத்துக்கே போன் போட்டாள். அங்கே வேலை பார்க்கும் தாஸ் அண்ணன் எடுத்தார். “கட்டாதீங்க, கத்தாதீங்க. கதவத் தொறந்துட்டு வெளிய வந்துடுங்க. தோ, வந்துக்கினே கீறேன்.”

நாங்கள் வெளியே வந்து நின்றோம். ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவர் பைக் வந்தது. வாசலிலேயே நின்று மெதுவாகப் பேசினார். “பாம்பு என் கண்ணுக்குத் தெரியல நைனா. ஆனா உனக்கு பயமா கீது, அது தெரியுது. கம்பிய வச்சிட்டு வா.” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கம்பி கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார்.

இன்னும் தாமதித்திருந்தால் என் வீட்டுக்காரர் உயிரே போயிருக்கும் என்றார் டாக்டர். இன்றுவரை அவர் குடிக்கவில்லை. கை ஓங்கவில்லை. மருந்தும் உண்டு, ஜெபமும் உண்டு. நான் சீட்டில் எழுதாமல் ஒளித்த இடத்திலிருந்தே ஆண்டவர் ஆள் அனுப்பினார். வாசிக்கிற சகோதரியே, நீயும் அவரிடம் கேள். பதிலை மட்டும் நீ எழுதிவிடாதே.

அன்று ஆஸ்பத்திரியில், தையல் போட்ட நெற்றியோடு உட்கார்ந்திருந்தவளிடம், கையோடு கொண்டுவந்த பைபிளைத் திறந்து மூன்று சீட்டையும் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். “திருட்டு அம்மா” என்றாள். நர்ஸிடம் பேனா வாங்கினாள். ஒரு சீட்டின் பின்பக்கம் மறுவாழ்வு இல்லத்தின் பெயரை எழுதி மடித்தாள். மற்ற இரண்டையும் கிழித்துப் போட்டாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த ஒற்றைச் சீட்டை என் முன்னால் நீட்டினாள்.