மூக்கான்கள் கிளம்பும் நேரம்

துறைமுகத்தின் பின்வாசலை ஒட்டிய பட்டறையில் அவள் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். லாரிக்கும் படகுக்கும் போர்த்துகிற கனத்த தார்ப்பாய். டிரைவர்கள் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் ‘தார்ப்பாய் அக்கா’தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவும் அவளும் பட்டறைக்கு மேலேயே ஓர் அறையில் குடியிருந்தார்கள்.

தையல் மெஷினுக்கு எதிரே ஜன்னல். அதற்கு வெளியே கடல் உள்வாங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. குளிர்காலம் முழுக்க அந்தச் சேற்றில் மூக்கான் பறவைகள் மேயும். உடம்பைவிட மூக்குதான் நீளமோ என்று தோன்றும். நுனி லேசாக மேலே வளைந்திருக்கும். வசந்தம் வந்தால் தெற்கேயிருந்து இன்னும் கூட்டங்கள் வந்து சேரும். சாம்பலாக இருந்த ஆண் பறவைகளின் மார்பு செங்கல் நிறமாகும். வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, ஒரு சாயங்காலம் கடல் ஏறும் நேரத்தில் கத்திக்கொண்டே எழும்பி வடக்கே போய்விடும். அந்தச் சாயங்காலத்துக்காகவே அவள் வருஷம் பூராவும் காத்திருப்பாள். அவை போனபின் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு வசந்தத்தில் அவள் பட்டறைக்குப் பின்னால் அலை தடுக்கப் போட்ட அணைக்கல்லின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் பைனாகுலர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மேலேயிருந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஷிஃப்ட் முடிந்ததும் இறங்கி வந்திருந்தார்.

“ஏங்க, இதுங்க சாம்பல் கலர்தானே? இந்த ஒண்ணு மட்டும் ஏன் இப்படிச் சிவந்து போச்சு? உடம்பு சரியில்லையா?”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நல்லாத்தாங்க இருக்கு. மாப்பிள்ளைக் கோலம். பொண்ணு பார்க்கப் போகுது.”

அவரும் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் வந்தார். இரண்டு பேரும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். காலில் பச்சை வளையம் மாட்டிய ஒரு மூக்கானைக் கண்டுபிடித்தது அவர்தான். பறவை எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள யாரோ மாட்டிவிட்டது. மூன்று வசந்தம் அது வந்தது. மூன்று வசந்தமும் அவரும் வந்தார். பறவையைப் பற்றித் தவிர வேறெதையும் அவர்கள் அதிகம் பேசியதில்லை.

பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. இதே கரையில், வடக்கே, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய துறைமுகம்.

“அங்கேயும் சேத்துநிலம் இருக்காம். பெரிசாம்,” என்றார்.

“அப்பாவை யாருங்க பார்ப்பா?” என்றாள் அவள்.

அவர் எதையும் கேட்டிருக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அவர் பைனாகுலரை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வசந்தத்தில் கூட்டம் எழும்பியதும் அவள் போன் செய்தாள். “கிளம்பிடுச்சுங்க.” இரண்டு நாள் கழித்து அவர் கூப்பிட்டார். “இங்க வந்து இறங்கிடுச்சு. பச்சை வளையம் முன்னாடி நிக்குது.” அவள் அதைக் கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். வெறும் சேறு. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத காலை வைத்துக்கொண்டு அது போய்விட்டது. தன்னால் மாடிப்படியைத் தாண்ட முடியவில்லை.

சில வருஷம் இப்படியே ஓடியது. ஒரு வசந்தத்தில் அவள் சொன்னதற்கு அவர் “சரிங்க” என்றார், அவ்வளவுதான். திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தையல் கோணலாகப் போயிற்று. பிரித்துத் தைத்தாள், மறுபடியும் கோணல்.

அப்பாவுக்கு வாய்தான் கொஞ்சம் குழறுமே தவிர கண் கூர்மை. “என்னம்மா, மூஞ்சி இப்படித் தொங்குது? மூக்கான் இன்னும் அங்க போய்ச் சேரலையா, மூக்கானைப் பார்க்கிறவன் பேசலையா?”

“அப்பா, சும்மா இருங்க.”

“நான் சும்மாதானே படுத்திருக்கேன். பக்கத்து வீட்டு நர்சம்மா ரெண்டு நாள் பார்த்துப்பாங்க. போயிட்டு வா.”

ராத்திரி பஸ் பிடித்துப் போனாள். அந்தத் துறைமுக வாசலில் விசாரித்தபோது கிரேனைக் காட்டாமல் சாமான் கிடங்கைக் காட்டினார்கள். அவர் ஒரு மேஜைக்குப் பின்னால், தடித்த கண்ணாடியோடு, கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கிட்டே போய் நிற்கும்வரை அவளை அடையாளம் தெரியவில்லை.

“நீங்களா?” எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

கண்ணின் நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறதாம். கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். “கூட்டம் வந்தது தெரிஞ்சுது. வளையம் தெரியலை. இருக்குன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரலை. தெரியலைன்னு சொல்லவும் வாய் வரலை.”

“அதுக்காக இப்படியா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்.”

“என்ன நினைச்சீங்க?”

அவள் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். சாயங்காலம் கரைக்குப் போனார்கள். பெரிய கூட்டம் முந்தின நாளே போய்விட்டது. பிந்திய கொஞ்சம் மட்டும் மிச்சம். பச்சை வளையம் இல்லை. இருப்பதை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எது குளிக்கிறது, எது மூக்கை முதுகில் செருகித் தூங்குகிறது, எது பக்கத்தில் இருப்பதை விரட்டுகிறது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இங்கேயே இருந்துடுங்களேன்,” என்றார், முதல் தடவையாக.

“அப்பாவை அசைக்க முடியாதுங்க.”

“எனக்கும் பென்ஷனுக்கு இன்னும் காலம் இருக்கு. அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சாகணும்.”

“தெரியும்,” என்றாள். பிடித்த கையை மட்டும் அவர் விடவில்லை. காலை பஸ் வரும்வரை விடவில்லை.

அவள் அங்கே போய்வந்தது போன வருஷம். இந்த வசந்தத்தில் கூட்டம் எழும்பும் அறிகுறி தெரிந்ததும் அவள் அணைக்கல்லுக்கு ஓடிப்போய் அவருக்குப் போன் போட்டாள். போனைச் சேற்றுப்பக்கம் நீட்டிப் பிடித்தாள். மூக்கான்கள் ஒன்றையொன்று கூப்பிட்டபடி எழும்பின, அவள் தலைக்கு மேலே வரிசை கட்டின, வடக்கே திரும்பின. சத்தம் தேய்ந்து அடங்கியபின் போனைக் காதில் வைத்தாள்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. அதுங்க இங்க வந்துடும். நீங்க எப்போ?”

அவள் வடக்கே பார்த்தபடியே நின்றாள். பட்டறை மாடியில் அப்பா இருமுவது கேட்டது.

“வெச்சுடாதீங்க, அப்பாவுக்குத் தண்ணி குடுத்துட்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டு, போனோடு படியேறினாள்.