மீதி பூஜ்யம் வரவில்லை

பள்ளியில் அவளுக்குப் ‘பகா டீச்சர்’ என்று பெயர். பகா எண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டாள். அதெல்லாம் ஒரு காலம். இப்போது நாளெல்லாம் நின்று கத்திவிட்டு வீடு திரும்பினால் கால் வீங்கியிருக்கும், பேச்சே எழாது.

தம்பி வீட்டு மாடியில் அவளுக்கு ஓர் அறை. கட்டிலின் கால்மாட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ராப்பகலாக இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டைக் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண் பகா எண்தானா என்று சோதிக்கிற வேலை. எழுதிப் பார்க்க அந்த அறைச் சுவர்கள் போதாது. பல ஊர்க்காரர்கள் இணையத்தில் சேர்ந்து ஆளுக்கொரு எண்ணாகப் பங்கு போட்டுச் சோதித்தார்கள். அவள் முறை வந்தபோது இரண்டு எண்கள் இருந்தன. பெரியதை எடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும், பெட்டி தாங்காது என்று சின்னதை எடுத்தாள்.

ஒருநாள் தம்பி சட்டை தேய்க்க வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

“சும்மாதானே ஓடுதுன்னு நினைச்சேன்கா.”

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மறுபடி ஓடவிட்டாள். நல்லவேளை, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து அது தொடர்ந்தது.

சாதாரண வகுத்தலுக்கு நேர்மாறாக, இந்தச் சோதனையின் கடைசியில் வரும் மீதி பூஜ்யமாக இருந்தால்தான் பகா எண். வேலை முடிந்த மாலை திரையில் நின்றது பூஜ்யமில்லை. காபியோடு வந்த தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்னக்கா, ஊத்திக்கிச்சா?”

“ம். வகுபடுமாம்.”

“எதால?”

“அதைச் சொல்லாது. இந்தச் சோதனை அவ்வளவுதான். வகுபடும்னு மட்டும்தான் சொல்லும்.”

“உங்க தம்பி மாதிரி. குழம்பு சரியில்லைம்பாரு, என்ன குறைன்னு கேட்டா வாயே திறக்கமாட்டாரு.”

களைப்பை மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சில வாரம் கழித்துச் செய்தி வந்தது. அவள் எடுக்காமல் விட்ட எண் பகா எண்ணாம், இதுவரை கண்டுபிடித்ததிலேயே பெரியதாம். அதை எடுத்தவர் யாரோ ஒரு லாரி ஓட்டுநர். ஆசிரியர் அறையில் செய்தித்தாளை நீட்டிய தலைமை ஆசிரியர், “பார்த்தீங்களா, உங்க சமாச்சாரம்!” என்றார்.

“பார்த்தேன் சார். எனக்கு மதியம் லீவு வேணும்.”

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல, தூங்கணும்.”

வீட்டுக்கு வந்து உடைகூட மாற்றாமல் படுத்தாள். பொறாமை வரும் என்று காத்திருந்தாள். தூக்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. விளக்கேற்றும் நேரத்தில் எழுந்து முகம் கழுவி, இன்னொரு எண்ணை எடுத்துக்கொண்டாள். கிடைக்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை. அந்த இரைச்சல் இல்லாமல் அறை ஒரு மாதிரியாக இருந்தது.